நடுத்தர செடானில் எந்தக் கம்பெனி உண்மையில் பணம் போடுகிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் 2012-இல் வாங்கிய டீசல் செடான் இருக்கிறது, மாற்ற வேண்டும். அப்பச்சிக்கு எஸ்யூவி ஒத்துவரவில்லை. “ஏணி வைத்து ஏறுகிற வண்டி எனக்கு எதற்கு” என்கிறாராம். சரி, மறுபடியும் செடானே எடுக்கலாம் என்றால், “செடான் முடிந்துபோன சரக்கு, கம்பெனிகள் அதில் காசு போடுவதை நிறுத்திவிட்டன” என்று ஒரு ஷோரூமில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது உண்மையா? ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகியவற்றில் எதற்கு அதன் கம்பெனி இன்னும் மனமொப்பிச் செலவு செய்கிறது, எது சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது? பத்து வருடம் கழித்து உதிரிபாகம் கிடைக்குமா?

ஷோரூம்காரர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். காரைக்குடிக்குத் திரும்புவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் விலைக்கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். பம்பருக்கு என்ன அடக்கம், கதவுத் தகட்டுக்கு என்ன அடக்கம் என்று கூட்டிக் கழித்தே தலை நரைத்தது. புதிய கார் ஒன்று வந்தால் மற்றவர்கள் திரையின் அகலத்தையும் சன்ரூஃபையும் பார்ப்பார்கள். என் கண், எந்த அச்சு புதிது, எது பழையது என்று தேடும். தம்பியின் கேள்விக்கு அந்தப் பழக்கம் உதவும்.

காரில் பெருஞ்செலவு பிடிப்பது தகட்டை அழுத்தி உருவாக்கும் இரும்பு அச்சுகள். கூரை, கதவு, பக்கவாட்டுச் சட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சுத் தொகுதி வேண்டும். இவற்றில் ஒன்றை மாற்றினால் வெல்டிங் வரிசையைத் திருத்த வேண்டும், மோதல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பம்பரும் கிரில்லும் பிளாஸ்டிக். அவற்றின் அச்சு, தகட்டு அச்சோடு ஒப்பிட்டால் மலிவு. அதனால்தான் ஒரு கார் வந்து மூன்று வருடம் கழித்துப் ‘புத்தம் புதியது’ என்று விளம்பரம் வரும்போது மாறியிருப்பது பெரும்பாலும் முன் பம்பர், பின் பம்பர், விளக்கு, சீட்டு உறை, இவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கல்யாணம் வந்தால் முகப்புக்கு வெள்ளையடிப்பார்கள், பர்மாத் தேக்குத் தூணுக்கு வார்னிஷ் பூசுவார்கள். வளவைச் சுற்றியுள்ள கூரையில் ஓடு மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்பது ஐப்பசி மழையில்தான் தெரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய வண்டியின் படத்தையும் புதிய வண்டியின் படத்தையும் பக்கவாட்டுத் தோற்றத்தில் அருகருகே வையுங்கள். கதவின் மடிப்புக் கோடு, ஜன்னல் கண்ணாடியின் விளிம்பு, கூரையின் சரிவு மூன்றும் அப்படியே இருந்தால் அது வெள்ளையடிப்பு. மூன்றும் மாறி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரமும் (வீல்பேஸ்) மாறியிருந்தால், வீட்டையே இடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது, போட்ட பணத்தை எத்தனை வண்டியில் திருப்பி எடுப்பது என்ற கேள்வி. ஒரு பேச்சுக்கு, ஒரு மாடலுக்கு 500 கோடி ரூபாய் செலவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 வண்டி விற்றால் வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அச்சுச் செலவு மட்டுமே ஏறும். இரண்டரை லட்சம் வண்டி விற்றால் அதே செலவு வண்டிக்கு 20,000 ரூபாய்தான். இந்தியாவில் இன்று விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் எஸ்யூவி வகை. ஹூண்டாயின் கிரெட்டா எஸ்யூவி ஒன்றே 2024-இல் 1,86,000-க்கு மேல் விற்றது. நடுத்தர செடான் எதுவும் அந்த எண்ணிக்கையை நெருங்கவே முடியாது. எனவே செடானுக்கென்று தனியாகப் பணம் போடுகிற காலம் போய்விட்டது. எஸ்யூவிக்குப் போட்ட அடித்தளம், எஸ்யூவிக்குச் செய்த எஞ்சின், எஸ்யூவிக்கு வாங்கிய கேமரா, இவற்றின் மேல்தான் செடான் உட்கார்ந்து வருகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒரே உலையில் பொங்கிப் பல புள்ளிக்கு, அதாவது தனித்தனிக் குடும்பத்துக்கு, பரிமாறுவது மாதிரிதான். நாம் பார்க்க வேண்டியது, அந்த உலையிலிருந்து செடானுக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதை.

வரியின் பங்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செடானை நெருக்கியதில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். வாலை வெட்டிய மாருதி டிசையர் போன்ற வண்டிகள் பிறந்தது அதிலிருந்துதான். ஜிஎஸ்டி வந்த பிறகு சிறிய பெட்ரோல் காருக்குச் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29 சதவீதம், சிட்டி போன்ற நான்கு மீட்டருக்கு மேற்பட்ட 1500 சிசி காருக்கு 45 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், சிறியவற்றுக்கு 18, மற்றவற்றுக்கு 40 என்று ஆனது. இரண்டுக்குமே குறைந்ததுதான். ஆனால் நடுவே இருந்த இடைவெளி 16 புள்ளியிலிருந்து 22 ஆகிவிட்டது. இதன்மேல் தமிழ்நாட்டின் ஆயுள்கால வரி வேறு: 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. நடுத்தர செடானின் நல்ல வகைகள் எல்லாம் அந்த 18-இல் போய் விழுகின்றன. ஷோரூமில் காட்டும் விலைக்கும் ஆன்ரோடு விலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அப்பச்சி அதிர்ச்சி அடையாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி கம்பெனிகளுக்கு வருவோம்.

முதலில் கடையைக் கட்டிவிட்டவரைப் பற்றி, ஏனென்றால் அங்கேதான் பாடம் தெளிவாக இருக்கிறது. மாருதியின் நடுத்தர செடான் வரிசை: 1994-இல் எஸ்டீம், 1999-இல் பலேனோ, 2007-இல் எஸ்எக்ஸ்4, 2014-இல் சியாஸ். நகரத்தார் தொழிலில் ‘விலாசம்’ என்பார்கள். பாட்டனாரின் முன்னெழுத்துகளே கடையின் பெயர். பர்மாவில் ஒருவர் அந்த விலாசத்தைச் சொன்னால் மலேயாவில் கடன் கிடைக்கும். மாருதி இந்த வகுப்பில் ஒவ்வொரு முறையும் விலாசத்தை மாற்றியது. எஸ்டீமில் சேர்ந்த நல்ல பெயர் எஸ்எக்ஸ்4-க்கு வரவில்லை. பலேனோ என்ற பெயரை 2015-இல் ஒரு ஹேட்ச்பேக்குக்கே கொடுத்துவிட்டார்கள். சியாஸ் உண்மையில் நல்ல வண்டி. 2,650 மி.மீ. வீல்பேஸ், 510 லிட்டர் டிக்கி, பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு திருச்சி வரை போகலாம். ஒரு கட்டத்தில் சிட்டியையே விற்பனையில் முந்தியது. 2018-இல் பம்பரும் விளக்கும் மாறின, புதிய 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. 2019-இல் சொந்தமாகச் செய்த 1.5 டீசல் வந்து, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்ததும் போய்விட்டது. அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுத் தகடு 2014-இல் எப்படியோ அப்படியே கடைசிவரை. ஆறு காற்றுப்பை வரவில்லை, ஊரெல்லாம் கேட்கும் சன்ரூஃப் வரவில்லை. 2025-இல் நிறுத்திவிட்டார்கள்.

அதே கம்பெனி அதே காலத்தில் என்ன செய்தது பாருங்கள். 2024 நவம்பரில் புதிய டிசையர் வந்தது. புதிய தகடு, புதிய மூன்று சிலிண்டர் எஞ்சின், குளோபல் என்சிஏபி மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். மாருதி அந்தச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் கார் அது. எனவே மாருதிக்குச் செடான் பிடிக்காமல் போகவில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் செடானில் பணம் போட்டார்கள். அதற்கு மேலே கிராண்ட் விட்டாரா எஸ்யூவியில் போட்டார்கள். நடுவில் இருந்த சியாஸுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பணம் எங்கே திரும்பி வரும் என்று தெரிந்து எடுத்த முடிவு. எனக்கு வருத்தம்தான், ஆனால் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஹூண்டாய் இதற்கு நேர் எதிர். ஆக்சென்டில் தொடங்கியவர்கள் 2006-இல் வெர்னா என்று பெயர் வைத்தபின் அந்தப் பெயரைக் கைவிடவே இல்லை. 2006, 2011, 2017, 2023: இந்த ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை முழு வீட்டையும் இடித்துக் கட்டுகிறார்கள். 2023 மாடலில் வீல்பேஸ் 2,600 மி.மீ.-இலிருந்து 2,670 ஆனது. டீசலை நிறுத்தி, 160 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும் 1.5 டர்போ பெட்ரோலைக் கொடுத்தார்கள். இந்த எஞ்சின் கிரெட்டாவுக்கு 2024-இல்தான் வந்தது. அண்ணன் எஸ்யூவிக்கு முன்னால் தம்பி செடானுக்குப் பரிமாறிய அபூர்வமான சம்பவம். எல்லாம் நமக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நடப்பதால், பாகம் கொடுக்கும் தொழிற்சாலைகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன. வெர்னா அங்கிருந்து கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. உள்ளூரில் விற்பனை மந்தமானாலும் அச்சுச் செலவைத் தாங்க அது ஒரு தோள்.

ஆனால் ஹூண்டாய் பற்றிப் பத்திரிகையில் வரும் பெரிய எண்களைச் செடானோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2023-இல் தமிழ்நாட்டில் பத்து ஆண்டுகளில் 20,000 கோடி முதலீடு என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதன் முனை மின்சாரக் கார், பேட்டரி என்று அந்தப் பக்கம் நோக்கியது. 2024 அக்டோபரில் பங்கு வெளியீட்டில் சுமார் 27,870 கோடி ரூபாய் திரட்டினார்களே, நம் ஊரிலும் பலர் விண்ணப்பம் போட்டார்கள். அதில் ஒரு ரூபாய்கூட இந்தியத் தொழிற்சாலைக்கு வரவில்லை. முழுவதும் தாய்க் கம்பெனி தன் பங்கை விற்ற பணம், கொரியாவுக்குப் போனது. ஐந்தொகை படிக்கத் தெரிந்த ஊரில் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

வெர்னாவில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. 2023-இல் குளோபல் என்சிஏபி சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பெரியவர் பாதுகாப்புக்கு 34-க்கு 28.18 புள்ளி. ஆனால் அதே அறிக்கையில் உடற்கூடு ‘நிலையற்றது’ என்று குறித்திருந்தார்கள். அதாவது காற்றுப்பையும் பெல்ட்டும் நன்றாக வேலை செய்து பொம்மையைக் காப்பாற்றின, ஆனால் அதைவிடக் கூடுதல் அடியைத் தாங்கும் நிலையில் கூடு இல்லை. ஸ்லாவியாவும் விர்டஸும் அதே ஆண்டு ஏப்ரலில் 29.71 புள்ளி வாங்கின. அவற்றின் கூடு ‘நிலையானது’. நட்சத்திரம் சமம், புள்ளியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒருவர் மின்னணுச் சாதனத்தில் போட்ட பணத்தை இன்னொருவர் இரும்பில் போட்டிருக்கிறார் என்று என் மாதிரி ஆட்கள் படித்துக்கொள்வோம்.

இரும்பில் போட்டவர்கள் என்றால் ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வாகனும். இவர்கள் கதை வேறு மாதிரி. வென்டோ 2010-இல் வந்தது, ரேபிட் 2011-இல். இரண்டையும் பத்து வருடத்துக்கு மேல் வெள்ளையடித்தே ஓட்டினார்கள். அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால், இவர்கள் மூட்டை கட்டுகிறார்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். பிறகு 2018-இல் ‘இந்தியா 2.0’ என்ற பெயரில் 100 கோடி யூரோ, நம் கணக்கில் அப்போது சுமார் 8,000 கோடி ரூபாய் போடுவதாக அறிவித்தார்கள். பொறுப்பு ஸ்கோடாவிடம். ஐரோப்பாவில் சிறிய கார்களுக்கு இருந்த எம்க்யூபி ஏ0 அடித்தளத்தை இங்குள்ள விலைக்கும் சாலைக்கும் ஏற்பத் திருத்தி ‘ஐஎன்’ என்று ஒட்டுச் சேர்த்தார்கள். புனே அருகே சாக்கனில் உற்பத்தி. அந்த ஓர் அடித்தளத்தில் முதலில் நான்கு வண்டி: குஷாக், டைகுன் என இரண்டு எஸ்யூவி, 2022-இல் ஸ்லாவியா, விர்டஸ் என இரண்டு செடான். ஒரே செலவை நான்காகப் பங்குபோட்டார்கள். விர்டஸ் மெக்ஸிகோவுக்கும் போகிறது.

செடானுக்கு வந்து சேர்ந்தது என்ன? 2,651 மி.மீ. வீல்பேஸ், 521 லிட்டர் டிக்கி, 179 மி.மீ. தரை இடைவெளி. அந்தக் கடைசி எண்ணைச் செட்டிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து வேகத்தடையை மலை மாதிரிக் கட்டி வைத்திருக்கிறோம். சிட்டிக்கு 165 மி.மீ.; நாலு பேர் ஏறி, டிக்கியில் பலகாரத் தூக்கும் சீர்ப் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போனால் வயிறு உரசுகிற சத்தம் கேட்கும். எஞ்சின் இரண்டு: 115 பிஎஸ் தரும் 1.0 டர்போ, 150 பிஎஸ் தரும் 1.5 டர்போ. பெரியது, தேவை இல்லாதபோது நாலு சிலிண்டரில் இரண்டை உறங்க வைத்துவிடும். இவ்வளவு செய்தவர்கள், 2022-இல் வந்தபோது கேமரா பார்த்துத் தானே பிரேக் பிடிக்கும் வசதியைத் தரவில்லை, ஹைப்ரிட்டும் தரவில்லை. இவர்களின் குணம் இதுதான்: ஒரு முறை முட்டை வெள்ளைக்கருச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகக் கட்டுவார்கள், பிறகு நெடுநாள் அதையே ஆள்வார்கள். வென்டோவிலிருந்து விர்டஸுக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. இப்போது வாங்குகிறவர் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறார் என்றால், இந்தக் குணம் அவருக்குச் சாதகம்தான்; வீட்டு வாசலில் நிற்கும் வண்டி சீக்கிரம் பழைய மாடல் ஆகாது.

கடைசியாக ஹோண்டா. சிட்டியைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பாசம் ஒட்டிக்கொள்ளும், கழித்துப் படியுங்கள். சிட்டி என்ற பெயரில் 1996-இல் தாய்லாந்தில் வந்தது, ஆசியச் சந்தைக்கென்றே செய்த செடான். அமெரிக்கருக்குச் செய்ததைச் சுருக்கி நம்மிடம் தள்ளிய கார் அல்ல. இந்தியாவுக்கு 1998-இல் வந்தது. அதன்பின் 2003, 2008, 2014, 2020. விலாசம் மாறவே இல்லை. நம் ஊரில் ‘சிட்டி’ என்றால் இன்றும் ஒரு மரியாதை, அம்பாசடருக்கு அடுத்தபடி. ஆனால் முதலீட்டுக் கண்ணோடு பார்த்தால் சில உண்மைகள் கசக்கும். 2014 மாடலுக்கும் 2020 மாடலுக்கும் வீல்பேஸ் ஒன்றே, 2,600 மி.மீ. தாய்லாந்து சிட்டிக்கு 1.0 டர்போ கொடுத்தவர்கள் நமக்குக் கொடுக்கவில்லை. 1.5 பெட்ரோல், 121 பிஎஸ். வாழைப்பழம் மாதிரி வழுவழுப்பான எஞ்சின், சண்டைக்கு நிற்காது. 2020 முடிவில் கிரேட்டர் நொய்டா தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தி எல்லாவற்றையும் ராஜஸ்தானின் தபுகாராவுக்கு மாற்றினார்கள். சுருங்குகிற கம்பெனியின் அடையாளம் அது. 2023 மாற்றத்தில் புதியவை பம்பர், கிரில், கேமரா மட்டும்; தகடு பழையதே. அந்த ஆண்டே வந்த எலிவேட் எஸ்யூவி சிட்டியின் அடித்தளத்திலிருந்தும் எஞ்சினிலிருந்தும் பிறந்தது. மற்றவர்கள் வீட்டில் எஸ்யூவி செடானுக்குச் சோறு போடுகிறது. ஹோண்டா வீட்டில் செடான் எஸ்யூவியைப் பெற்றது. அதனால் சிட்டியின் பாகங்கள் இன்னும் நெடுநாள் உற்பத்தியில் இருக்கும் என்பது வாங்குகிறவருக்கு ஒரு நிம்மதி.

ஹோண்டா உண்மையில் பணம் போட்ட இடம் ஒன்று உண்டு, 2022 மே மாதம் வந்த ஹைப்ரிட் சிட்டி. வழக்கமான ஹைப்ரிட் மாதிரி எஞ்சினுக்கு மோட்டார் கைகொடுப்பது என்றில்லை. ஊருக்குள் சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் மின்மோட்டார்தான். பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தயாரித்துக்கொண்டு பின்னணியில் இருக்கும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது மட்டும் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தோடு இணையும். அறிமுகத்தின்போது அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 26.5 கிலோமீட்டர். இந்த வகுப்பில் வேறு யாரும் இதைச் செய்யவில்லை. விலைதான் 19.5 லட்சத்தில் தொடங்கியது, டிக்கி 506 லிட்டரிலிருந்து 306 ஆனது. பேட்டரி அங்கே உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஞாபகம் வரும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பேட்டரி ஆராய்ச்சிக்கு முக்கால் நூற்றாண்டாக ஒரு நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஹைப்ரிட் கார் ஓடவிடும் பேட்டரி மட்டும் எங்கிருந்தோ வருகிறது. அது தனிக்கதை.

அமெரிக்காவில் மகன், மகள் இருக்கும் வீடுகளில் ‘மிட்சைஸ் செடான்’ என்றால் கேம்ரியையும் அக்கார்டையும்தான் சொல்வார்கள். அவை நம் சிட்டியைவிட ஒரு படி பெரிய வண்டிகள். கதை அங்கும் இதேதான். ஃபோர்டு 2018-இல் செடானே வேண்டாம் என்று அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2024-இல் மாலிபூவை நிறுத்தியது. டொயோட்டா மட்டும் பழைய அடித்தளத்தை வைத்துக்கொண்டே 2025 மாடல் கேம்ரியை முழுக்க ஹைப்ரிட்டாக்கியது. 2024-இல் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் கேம்ரி விற்றது. போட்டியாளர் கடையைக் கட்டும்போது வாடிக்கையாளர் நிற்கிறவரிடம் வந்து சேருகிறார். அதே டொயோட்டா இங்கே 2018-இல் யாரிஸைக் கொண்டுவந்து, எல்லா வகையிலும் ஏழு காற்றுப்பை கொடுத்தும், 2021-இல் நிறுத்திக்கொண்டது. எங்கோ செய்ததை இங்கே இறக்கி வைத்தால் போதாது என்பதற்கு அது சாட்சி.

ஆக, ஷோரூம்காரர் சொன்ன ‘முடிந்துபோன சரக்கு’ மாருதிக்கும் டொயோட்டாவுக்கும் பொருந்தும். ஹூண்டாய்க்குப் பொருந்தாது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனுக்கு இந்தச் சுற்றில் பொருந்தாது. ஹோண்டா நடுவில் நிற்கிறது.

உதிரிபாகத்தைப் பற்றிய பயத்துக்குப் பதில்: எஞ்சின் பாகத்துக்குக் கவலை வேண்டாம். நின்றுபோன சியாஸுக்கே, அந்த எஞ்சின் மாருதியின் ஜிம்னியில் ஓடுகிறது. தட்டுப்பாடு வருவது தகட்டிலும் விளக்கிலும்தான். கதவு, முன்மூடி, ஹெட்லைட் கூடு. இவை அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்துபவை, வேறு வண்டியிலிருந்து கடன் வாங்க முடியாது. அதனால் நின்றுபோன மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் காப்பீட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு என் தேர்வு: வருடத்துக்குப் பத்து முறை சென்னை, மாதம் நாலு முறை மதுரை, மீதி நாள் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலை அதிகம், வேகத்தடையும் அதிகம். ஸ்லாவியா அல்லது விர்டஸில் 1.0 டர்போ, டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். 1.5-இல் வரும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் அது உலர் கிளட்ச் வகை, கோயில் வாசல் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நம் பழக்கத்துக்கு டார்க் கன்வர்ட்டர் பெட்டியே பொறுமைசாலி. பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். அது தூரம் என்றால் வெர்னா 1.5 சாதாரண பெட்ரோல், வசதிக்குக் குறைவில்லை. வண்டியை முழுக்க ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவராக இருந்தால் ஹைப்ரிட் சிட்டி சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். டெஸ்ட் டிரைவுக்கு அப்பச்சியையும் கூட்டிப் போங்கள், வேட்டியோடு. வெர்னாவின் கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது; உயரமானவர் தலை குனிந்துதான் ஏற வேண்டும். பின்சீட்டில் அவரை உட்காரவைத்து, கதவைத் திறந்து, ஏணியும் இல்லாமல் யார் கையும் பிடிக்காமல் அவர் இறங்கி நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.